சனிக்கிழமை சாகும் மீன்கள்

சிதம்பரம்
19.08.2024

அன்புள்ள மச்சான் ராஜவேலுக்கு,

உன் அக்காவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அனுப்பிரியாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மீன்கள்தான் சுகமில்லை.

போனில் பேசினால் நீ ஒன்று சொல்வதற்குள் நான் நாலு சொல்லிவிடுகிறேன். போன வாரம் பேசி முடித்தபோது பிரஷர் ஏறி டாக்டரிடம் போகும்படி ஆயிற்று. இனி நமக்குள் போன் வேண்டாம். நீ மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி காலியாகத்தானே கடலூருக்குத் திரும்புகிறது. அதில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். பதிலை அடுத்த பெட்டியில் பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பு. பஸ் கண்டக்டர் நல்ல மாதிரி, ஒரு டீயோடு முடிந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு வருஷம் ஜெராக்ஸ் கடை நடத்தியவன் நான். காலையில் ஷட்டரைத் தூக்கினால் பேப்பர் செத்துக் கிடந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்த வண்ண மீன் கடை திறந்து ஏழு வாரம்தான் ஆகிறது, செத்ததை வலையில் அள்ளி அள்ளிக் கை நாறுகிறது. முந்தாநாள் சனிக்கிழமை திறந்து பார்த்தால் கப்பி பதினாலு, ஏஞ்சல் ஆறு. டாக்டர் வீட்டம்மா தனக்கென்று எடுத்து வைக்கச் சொன்ன கறுப்பு ஏஞ்சலும் அதில் ஒன்று. வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்கள் என்று அவரிடம் பொய் சொன்னேன்.

செம்மண்டலத்தில் உன் மொட்டை மாடியில் துள்ளிக்கொண்டிருக்கிற மீன் என் தொட்டிக்கு வந்ததும் மல்லாந்து மிதக்கிறதென்றால் கோளாறு எங்கே இருக்கும்? பையில் ஆக்சிஜன் அடைப்பதில் சோம்பல் படுகிறாயா, சீக்கு மீனைத் தள்ளிவிடுகிறாயா என்று நீயே யோசித்துச் சொல். ஜெராக்ஸை மூடியாயிற்று. இதையும் மூடினால் ஐம்பத்து மூணு வயதில் ஏதாவது ஏடிஎம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியதுதான்.

இப்படிக்குக் கோபத்தோடும் அக்கறையோடும்,
மாமா தில்லைநாதன்


கடலூர், செம்மண்டலம்
22.08.2024

மாமாவுக்கு ராஜவேலின் வணக்கம்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீங்கள் பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் போட்ட அதே தொட்டி மீன்தான் விழுப்புரத்துக்கும் நெய்வேலிக்கும் போயிருக்கிறது. அங்கேயெல்லாம் ஒன்றும் சாகவில்லை. சொந்த அக்கா வீட்டுக் கடைக்குச் சீக்கு மீனைத் தள்ளிவிடுவேனா? எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கலாம்.

கோபப்படாமல் நான் கேட்பதற்குப் பதில் எழுதுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்த பிறகுதானே ஊற்றுகிறீர்கள்? ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறீர்களா? கழுவக் கூடாது, தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். தீனி எத்தனை வேளை போடுகிறீர்கள்? பிறகு, கடைக்குள் புகை உண்டா? இடம் சின்னது, கண்ணாடிக் கதவு வேறு. கொசுவத்தி கூட ஏற்றக் கூடாது.

அந்தப் பெரிய ஏர் மோட்டார் ஒன்றிலிருந்துதான் இருபத்திரண்டு தொட்டிக்கும் காற்று போகிறது. அது நின்றால் எல்லாம் நின்றுவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ராஜவேல்


சிதம்பரம்
26.08.2024

அன்பு மச்சானுக்கு,

நலம் விசாரித்ததற்குச் சந்தோஷம். பிரஷர் நூற்று ஐம்பதில் நிற்கிறது. உன் கடிதம் வராமல் இருந்தால் நூற்று நாற்பதில் நின்றிருக்கும்.

தண்ணீரை ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் பிடித்து வைக்கிறேன். சோப்பு கிடையாது. தீனி காலை ஒன்று, மாலை ஒன்று. மோட்டார் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிறது. சாமி படத்துக்கு நேர் கீழே பலகை அடித்து அதன்மேல் வைத்திருக்கிறேன், எறும்பு கூட அண்டாது.

புகை உண்டா என்று கேட்டிருக்கிறாய். கல்யாணத்துக்கு முன்னால் நான் பீடி குடித்ததை உன் அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். உன் அக்கா கழுத்தில் தாலி கட்டிய நாளிலிருந்து தொட்டதில்லை. இருபத்தாறு வருஷம் கழித்து மச்சான்காரன் வந்து வாயை ஊதிக் காட்டு என்கிறான். இதை உன் அக்கா இளமதியிடம் படித்துக் காட்டினேன், அவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொசுவத்தியும் கடையில் இல்லை. கொசுவே இல்லை, அப்புறம் வத்தி எதற்கு.

நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். மீன் தினமும் சாவதில்லை. ஞாயிறு முதல் வெள்ளி வரை நன்றாகத்தான் இருக்கின்றன. சனிக்கிழமை காலையில்தான் மிதக்கின்றன. இந்த 24ஆம் தேதியும் அப்படித்தான், மோலி ஒன்பது. எனக்குக் கும்ப ராசி, ஜன்மச் சனி நடக்கிறது. உன் கேள்விகளில் ஒன்றாவது சனிக்கிழமையைப் பற்றி இருந்ததா? அதற்குச் செய்ய வேண்டியதை நான் செய்துகொண்டுதான் வருகிறேன். தெய்வ காரியத்தில் குறை வைக்கிறவன் இல்லை நான். நீ நல்ல மீனாகப் பார்த்து அனுப்பு.

அன்புள்ள,
தில்லைநாதன்


சிதம்பரம்
09.09.2024

தம்பி ராஜவேலுக்கு,

நல்லா இருக்கிறாயா? அனுப்பிரியாவுக்குச் சிக்குன்குனியா என்று கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. நாளை மறுநாள் புறப்பட்டு வருகிறேன், இரண்டு வாரம் இருப்பேன். உன் மாமா சரி என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கடிதத்தைப் பெட்டி அடியில் பேப்பர் மடிப்புக்குள் வைக்கிறேன். போனில் பேசினால் அவர் பக்கத்தில் நின்று என்னவாம், என்னவாம் என்று கேட்பார். உன் வீட்டிலோ அனுப்பிரியா எதிரில் இதைப் பேச எனக்குக் கூச்சம்.

ஜெராக்ஸ் கடையை மூடியபோது மீன் கடை வைக்கலாம் என்று சொன்னதே நான்தான். தம்பி வளர்க்கிறான், நாம் விற்கலாம், நான் மேசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். நல்ல யோசனை என்றார். கடை திறந்த பிறகு, பொம்பளை உட்கார்ந்தால் சரிப்படாது என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்ற மட்டும் வரச் சொன்னார். மகன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் நானும் மிக்சியும்தான். அந்த வெள்ளிக்கிழமை அரை மணி நேரத்துக்காக வாரம் முழுக்க இருக்கிறேன்.

போன மாதம் இடது பக்கம் மூன்றாவது தொட்டியில் ஒரு மோலி வயிறு சதுரமாகி நின்றது. இரண்டு நாளில் குட்டி போடும், பிரித்து வையுங்கள் என்றேன். சாமி கும்பிட வந்தாயா, மீனைப் பார்க்க வந்தாயா என்று கேட்டார். குட்டி போட்டது, மற்ற மீன்கள் தின்றுவிட்டன. அவர் அதையும் சனிக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

அந்தக் கடையில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் தம்பி. வேறு ஒன்றும் கேட்கவில்லை. நீ எழுதினால் கேட்பாரோ என்னவோ.

அன்புடன் அக்கா,
இளமதி


கடலூர், செம்மண்டலம்
19.09.2024

மாமாவுக்கு வணக்கம்.

அனுப்பிரியா எழுந்து நடக்கிறாள், மூட்டு வலி மட்டும் விடவில்லை. அக்கா வந்திராவிட்டால் நான் திண்டாடியிருப்பேன். உங்களுக்குச் சாப்பாடு எப்படி நடக்கிறது? ஹோட்டலில் உப்பு ஜாஸ்தி போடுவார்கள், பார்த்து.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அக்கா இங்கே வந்த மறுநாளே மாடிக்கு ஏறிவிட்டாள். என் கௌராமித் தொட்டியில் குஞ்சு நிற்பதே இல்லை, நான் கைவிட்ட தொட்டி அது. அக்கா அரை நாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தாய் மீனை எடுத்துவிடு, ஆண் மட்டும் இருக்கட்டும், தண்ணீர் மேல் காற்று அடிக்காமல் ஒரு தட்டு போட்டு மூடு என்றாள். இப்போது இருநூறு குஞ்சுக்கு மேல் நீந்துகிறது. எட்டு வருஷமாக வளர்க்கிற எனக்கு அது தோன்றவில்லை. விழுப்புரத்து வியாபாரி வந்தபோது அவளே பேசி அனுப்பினாள்.

காலையில் நாலு மணி நேரமாவது அக்காவைக் கடையில் உட்கார வையுங்கள் மாமா. உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும். இதை நானாகத்தான் எழுதுகிறேன்.

பணிவுடன்,
ராஜவேல்


சிதம்பரம்
30.09.2024

அன்பு மச்சானுக்கு,

அனுப்பிரியா தேறியது கேட்டு நிம்மதி. எனக்கும் உடம்பு பரவாயில்லை. மனசுதான் ஒரு மாதிரி இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

உன் அக்கா உன் வீட்டில் இருந்தபோது 14, 21 என்று இரண்டு சனிக்கிழமை வந்து போயின. ஒரு மீன் சாகவில்லை. நான் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தேன். ஒன்று கூட இல்லை. சனி விலகிவிட்டது என்று கோயிலுக்குப் போய் எள் தீபம் போட்டேன். 25ஆம் தேதி இவள் திரும்பி வந்தாள். 27 வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கடைக்கு வந்து விளக்கேற்றினாள். 28 காலையில் ஷட்டரைத் தூக்கினால் பதினொன்று.

நீயே சொல். நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் கண்ணுக்கு எதிரில் நடப்பதை என்ன செய்வது? இவள் வராவிட்டால் மீன் பிழைக்கிறது, வந்தால் சாகிறது. சில பேருக்குச் சில இடம் ராசி இல்லை. அதில் அவள் குற்றம் ஒன்றும் இல்லை. நாற்காலி போடச் சொல்லி நீ எழுதியிருக்கிறாய், நான் வெள்ளிக்கிழமை கூட இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள்.

ஆயுத பூஜை மட்டும் விலக்கு. பெண்டாட்டி இல்லாமல் நான் ஒண்டியாக நின்று பூஜை போட்டால் தெருவில் கேட்பார்கள். அன்று ஒரு நாள் வரட்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெரிய அளவில் செய்துவிடலாம் என்றிருக்கிறேன். பூஜைக்கு முன்னால் நல்ல கோல்டு ஃபிஷ் நாற்பது அனுப்பு.

அன்புள்ள,
தில்லைநாதன்


கடலூர், செம்மண்டலம்
03.10.2024

மாமாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

என் அக்கா இரண்டு வாரம் தினமும் கைவைத்த தொட்டிகளில் ஒரு குஞ்சு சாகவில்லை. ராசி இல்லாத கை என்றால் அந்த இருநூறும் எப்படிப் பிழைத்தது? உங்கள் கடிதத்தை அனுப்பிரியாவுக்குக் கூட நான் காட்டவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

நாற்பது கோல்டு ஃபிஷ் இந்தப் பெட்டியில் இருக்கிறது. அக்கா பூஜைக்கு நிற்கப் போகிறாளே என்றுதான் அனுப்பினேன்.

ராஜவேல்


சிதம்பரம்
14.10.2024

ராஜவேலுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. எல்லாம் போய்விட்டது. இருபத்திரண்டு தொட்டியும். நீ அனுப்பிய நாற்பதில் மூன்று உயிரோடு இருந்தன, நேற்று அவையும் போய்விட்டன.

ஒரு குறையும் வைக்கவில்லை மச்சான். வெள்ளிக்கிழமை காலையிலேயே கடையைக் கழுவி, கண்ணாடி எல்லாம் துடைத்து, ஒவ்வொரு தொட்டிக்கும் வெளியே சந்தனம் குங்குமம் வைத்தோம். பூசணிக்காய் உடைத்தோம். பொரி, சுண்டல், பழம் எல்லாம் படைத்தோம். பக்கத்துத் தையல் கடைக் காத்தவராயனும் டீக்கடை ஆரோக்கியம்மாளும் வந்து நின்றார்கள். வாரா வாரம் இளமதி சின்ன தூபக்காலில்தான் சாம்பிராணி காட்டுவாள். அன்று பெரிய தூபக்கால் கடன் வாங்கி வந்திருந்தேன். வெளியே போய் வீணாகக் கூடாது என்று கண்ணாடிக் கதவைச் சாத்தச் சொன்னேன். இவள் கண் எரிகிறது, போதும் என்றாள். நான்தான் இன்னும் நாலு கட்டி போடச் சொல்லி, தூபக்காலைச் சாமி படத்துக்குக் கீழே மோட்டார் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். எதிர் ஆள் தெரியாத அளவுக்குத் தூபம் நின்றது.

அப்போது நடந்ததைக் கேள். எல்லாத் தொட்டியிலும் எல்லா மீனும் ஒன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆரோக்கியம்மாள், மீன் கூட சாமி கும்புடுது பாருங்க என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்ன தூபம் காட்டும் வெள்ளிக்கிழமைகளிலும் ஒன்றிரண்டு இப்படி வரும், நான் புண்ணியம் என்று நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை காலையில் தண்ணீர் தெரியவில்லை, வயிறாகத் தெரிந்தது. விஜயதசமி அன்று, தெருவே கூடி நின்றபோது, எனக்கு வாய் நிற்கவில்லை. இளமதியைப் பார்த்து, "நீ காலடி வச்ச எடம் இப்படித்தான் ஆவும், மூதேவி" என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டாள். அன்றிலிருந்து சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. கடையைக் காலி செய்துவிடலாம் என்றிருக்கிறேன். உனக்குத் தெரியப்படுத்த வேண்டுமே என்று எழுதினேன்.

தில்லைநாதன்


கடலூர், செம்மண்டலம்
16.10.2024

மாமாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை உட்கார்ந்து படியுங்கள்.

கொன்றது சாம்பிராணி.

அந்த மோட்டார் காற்றை எங்கிருந்து எடுக்கிறது? கடைக்குள் இருக்கிற காற்றைத்தான் இழுத்து, குழாய் வழியாக இருபத்திரண்டு தொட்டித் தண்ணீருக்குள்ளும் ஊதுகிறது. நீங்கள் அதன் பக்கத்தில் தூபக்காலை வைத்துக் கதவையும் சாத்தினீர்கள். அத்தனை புகையும் தண்ணீருக்குள் போனது. மீன் சாமி கும்பிடவில்லை மாமா. மூச்சுத் திணறி மேலே வந்து வாயைத் திறந்தது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை கொஞ்சம் புகை, சனிக்கிழமை கொஞ்சம் சாவு. அக்கா ஊரில் இல்லாத இரண்டு வாரம் தூபம் காட்ட ஆளில்லை, அதனால் சாவும் இல்லை. இவ்வளவுதான் உங்கள் சனி.

ஆகஸ்டிலேயே புகை உண்டா என்று கேட்டேன். நீங்கள் பீடிக் கதை எழுதினீர்கள். ஏன் கேட்கிறேன் என்று விளக்கி எழுதாதது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். சாம்பிராணியை நீங்கள் புகை என்றே நினைக்க மாட்டீர்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

கடையைக் காலி செய்ய வேண்டாம். தொட்டிகளைக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டு இரண்டு வாரம் ஓட விடுங்கள், நான் மீன் அனுப்புகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தெருவில் வைத்துச் சொன்ன வார்த்தையை நீங்கள் திரும்ப எடுக்க வேண்டும். காட்டச் சொன்னது நீங்கள், கதவைச் சாத்தச் சொன்னது நீங்கள். அக்காவிடம் நான் இதைச் சொல்லப் போவதில்லை. நான் சொன்னால் தம்பி சமாதானத்துக்குச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வாள். உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அவளுக்கு ஆறும்.

ராஜவேல்


கடலூர், செம்மண்டலம்
20.11.2024

மாமாவுக்கு வணக்கம்.

சுகமாக இருக்கிறீர்களா? இந்த மாதத்தில் நாலு பெட்டி போய்த் திரும்பிவிட்டது. நாலிலும் கடிதம் இல்லை. கவிழ்த்துத் தட்டியும் பார்த்துவிட்டேன். அக்கா போனில் ம், உம் என்கிறாள். நன்றாகத் தூங்குகிறாயா என்று கேட்டேன், தூங்காமல் என்ன என்றாள்.

அக்காவிடம் சொன்னீர்களா? ஆம், இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

ராஜவேல்


சிதம்பரம்
25.11.2024

அன்பு மச்சானுக்கு,

இங்கே அனைவரும் சுகம். மழை நன்றாகப் பெய்கிறது. மழைக்கு எனக்குக் கொஞ்சம் சளி, கஷாயத்தில் சரியாகிவிட்டது. நீ அனுப்பிய மீன்கள் எல்லாம் அருமை. நாலு சனிக்கிழமையாக ஒன்று கூடச் சாகவில்லை. ஹாஸ்டல் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். உங்களுக்குச் சனி விட்டுவிட்டதுங்க என்று காத்தவராயன் தினமும் சொல்கிறான். நானும் சிரித்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை தூபத்தை நிறுத்திவிட்டு ஊதுவத்தி ஒன்றை வாசலுக்கு வெளியே ஏற்றுகிறேன்.

இளமதி வீட்டில் நன்றாக இருக்கிறாள். கடைக்கு வருவதில்லை. அவளுக்கும் ஓய்வு வேண்டும்தானே. நீ எழுதிய மற்ற விஷயத்தை நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம். எதற்கும் ஒரு நேரம் காலம் வர வேண்டும். அடுத்த பெட்டியில் ஏஞ்சல் கொஞ்சம் ஜாஸ்தியாக வை.

அன்புள்ள,
தில்லைநாதன்


சிதம்பரம்
17.12.2024

தம்பி ராஜவேலுக்கு,

புயல் மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றது என்றார்களே, வடிந்துவிட்டதா? அனுப்பிரியாவுக்குக் கால் வலி எப்படி? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன வெள்ளிக்கிழமை கரண்ட் பில்லைத் தேடி அவருடைய ஃபைலைப் பிரித்தேன். உன் கடிதங்கள் எல்லாம் தேதி வாரியாக ஓட்டை போட்டுக் கோத்து வைத்திருக்கிறார். அக்டோபர் பதினாறாம் தேதிக் கடிதத்தைப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். இரண்டு மாதம், தம்பி. இந்த இரண்டு மாதமும் நான் குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போகவில்லை. எதிர் வீட்டில் மாடு கன்று போட்டது, எட்டிப் பார்க்கவில்லை. என் கால் பட்டால் ஆகாது என்று நானே நம்பிவிட்டேன்.

அவர் வந்ததும் கேட்டேன். எனக்கு அன்றைக்கே தெரியும், சொல்ல வாய்ப்பு வரவில்லை என்றார். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே சோற்றைத் தின்கிறோம், வாய்ப்பு வரவில்லையாம்.

சனிக்கிழமை காலையில் அவர் குளிக்கப் போனபோது சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கடையைத் திறந்தேன். மேசையில் உட்கார்ந்தேன். ஆரோக்கியம்மாளையும் காத்தவராயனையும் கூப்பிட்டு உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். அன்று நான் தலை குனிந்து போனதைப் பார்த்தவர்கள் அவர்கள்தானே. பாதியில் உன் மாமா ஈரத் தலையோடு ஓடி வந்து வாசலில் நின்றார். நான் நிறுத்தவில்லை. சாம்பிராணி யார் காட்டச் சொன்னது, கதவை யார் சாத்தச் சொன்னது என்பது வரை படித்து முடித்தேன். ஆரோக்கியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அவளும் அன்று கன்னத்தில் போட்டுக்கொண்டவள்.

அவர், "எல்லாரும் கேட்டாச்சு, போதும், வா உள்ள போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

"நான் உள்ளதான் இருக்கேன். நீங்கதான் வெளிய நிக்கிறீங்க" என்றேன்.

நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். பிறகு, நான்தான் காட்டச் சொன்னேன், இவ மேல தப்பு இல்ல என்று தரையைப் பார்த்துச் சொன்னார். காத்தவராயனுக்குக் காது மந்தம். சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். இரண்டாவது தடவை தெருக்கோடி வரை கேட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கியது.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். நான் ராசி இல்லாதவள் என்று அவர் எழுதுகிறார், இல்லை என்று நீ எழுதுகிறாய், மாதக்கணக்கில் பெட்டி போகிறது வருகிறது. சாம்பிராணி என்று தெரிந்த அன்றைக்கே பஸ் ஏறி வந்து, அக்கா, நீ இல்லை, புகை என்று என்னிடம் சொல்ல உனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் நம்ப மாட்டேன் என்று நீயே முடிவு செய்துவிட்டாய். மாமாவும் மச்சானும் என்னைப் பற்றி எழுதினீர்கள். எனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை உங்களுக்கு.

இப்போது தினமும் காலையில் நான்தான் திறக்கிறேன். அவர் பத்து மணிக்கு மேல் வந்து தண்ணீர் மாற்றுகிறார். மோட்டாரைக் கழற்றி வாசல் பக்கம் மாட்டச் சொன்னேன், மாட்டிவிட்டார். அதிகம் பேசுவதில்லை. மீன் கேட்டு வருகிறவர்களிடம், அம்மாவைக் கேளுங்க என்று கையைக் காட்டுகிறார்.

வியாழக்கிழமை பெட்டியில் மோலி முப்பது, கௌராமி இருபது வை. நான் காப்பாற்றிக் கொடுத்த குஞ்சுகள் வளர்ந்திருக்குமே, அதிலிருந்தே எடு. பெட்டி மேல் மாமா பெயரை எழுதாதே. இளமதி, மீன் கடை, சிதம்பரம் என்று எழுது. கண்டக்டர் பஸ் ஸ்டாண்டில் பெயரைக் கூப்பிட்டுத்தான் கொடுப்பாராம், நானே போய் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
இளமதி